பழைய சைக்கிள் வாங்கப் போறீங்களா?

குரங்குப் பெடல் போட்டுக் கற்றதைக் கால் மறக்காது, மூச்சுதான் மறந்துவிடும். நாற்பதைத் தாண்டி மறுபடி சைக்கிள் ஏறப் பழைய வண்டியே போதும்.

பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். பிரேக் கட்டையில் விட்டுவிட்டு உரசினால் ரிம்மில் கோட்டம். கடைக்காரர் ஸ்போக்கை முடுக்கிச் சரிசெய்துவிடுவார். ஃபோர்க் வளைந்திருந்தால் மட்டும் வேண்டவே வேண்டாம். செயினில் ஸ்கேல் வையுங்கள். ஒரு பின்னிலிருந்து அடுத்த 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கவேண்டும். அரைக்கால் அங்குலம் தள்ளி நின்றால், செயின் பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்!

குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீளும்படி சீட்டை உயர்த்துங்கள். முழங்கால் பிழைக்கும்.

வயதைச் சொல்லித் தயங்குகிறீர்களா? 1991-ல் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, வயதுவந்தோருக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு; பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள்.

வண்டி வாங்கியாயிற்றா? திருப்பதிக்காரர்கள் எடுத்ததும் அலிபிரி மேட்டில் ஏறவேண்டாம். முதலில் தெருவைச் சுற்றுங்கள், பிறகு சந்திரகிரிக் கோட்டை. சித்தூர்க்காரர்களுக்குக் காணிப்பாக்கம் இருக்கிறது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் மறக்கவேண்டாம்; விடியற்காலையிலும் பஸ்கள் பறக்கின்றன.