துறைமுகச் சுங்கமும் மத்திய அரசாங்கமும்



புதிதாக விடுதலை பெற்ற நாடொன்று தனக்கென ஒரு மத்திய அரசாங்கத்தை அமைக்க முற்படும்போது முதற்கண் எழும் வினா யாது? பொதுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதே அது. இவ்வுண்மையை விளக்குவதற்கு, தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வாழும் கொச்சி மட்டாஞ்சேரி மிகவும் ஏற்ற இடமாகும்.

மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்துள்ள கோட்டைக் கொச்சியோ சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இரண்டிற்கும் இடையே ஆறுமில்லை, மலையுமில்லை. ஆயினும் அரசாங்கங்கள் வேறு. சமஸ்தானம் ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனக்கெனத் தபால் சேவையும் நடத்திற்று. துறைமுகம் பொதுவாயிருந்தமையால், 1925ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி அதன் சுங்க வருவாயை இந்திய அரசாங்கமும் கொச்சியும் திருவிதாங்கூரும் பங்கிட்டுக் கொண்டன.

1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற முதல் சமஸ்தானங்களுள் கொச்சியும் ஒன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் சமஸ்தானங்கள் கையொப்பமிட்ட இணைப்புப் பத்திரம், பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, போக்குவரத்தும் தபால் தந்தியும் ஆகிய மூன்று துறைகளையே மத்திய அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. வரி விதிக்கும் உரிமையை அது அளிக்கவில்லை. கடமை மூன்று இருந்தும் கைப்பொருள் இல்லாத ஏற்பாடு அது.

இத்தகைய ஏற்பாட்டின் விளைவை அமெரிக்கா முன்னரே கண்டிருந்தது. 1781இல் நடைமுறைக்கு வந்த அதன் முதல் கூட்டமைப்பில், மத்திய சபை மாநிலங்களிடம் பணம் வேண்டலாம், வரி விதிக்கலாகாது. இறக்குமதிப் பொருள்கள் மீது நூற்றுக்கு ஐந்து வீதம் சுங்கம் விதிக்க அச்சபை முனைந்தபோது, 1782இல் ரோட் தீவு என்னும் சிறு மாநிலம் மறுத்தது. பதின்மூன்று மாநிலங்களும் இசைந்தாலன்றித் திருத்தம் கூடாது என்பது விதி. ஆகவே முயற்சி வீழ்ந்தது. போர்க்கடனைத் தீர்க்கவும் வழியின்றித் தவித்த அவ்வமைப்பு, 1789இல் புதிய அரசியலமைப்புக்கு இடந்தந்து மறைந்தது.

நம் நாட்டில் இச்சிக்கல் எவ்வாறு தீர்ந்தது? சமஸ்தானங்களின் நிதிநிலையை ஆராய வி. டி. கிருஷ்ணமாச்சாரியார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. சுங்கம் முதலியவற்றை மத்திய அரசாங்கம் ஏற்பது, அதனால் நேரும் வருவாய்க் குறைவை இடைக்காலத்திற்கு ஈடுசெய்வது என்பது அக்குழு கண்ட வழி. 1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே இராஜ்யமாயின. தலைநகர் திருவனந்தபுரத்திலும் உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்திலும் அமைந்தன. 1950 ஏப்ரல் முதல் நாள் நிதி இணைப்பு நிறைவேறிற்று. மறு ஆண்டில் ‘அஞ்சல்’ சேவையும் இந்தியத் தபாலில் கலந்தது. உரிமையை விட்டுக் கொடுத்தவருக்கு உரிய ஈடு கிடைத்தமையால் ஒற்றுமை கைகூடிற்று.

மட்டாஞ்சேரிக்கும் கோட்டைக் கொச்சிக்கும் இடையே இருந்த இராஜ்ய எல்லை 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தபோதே நீங்கியது. இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தது 1967இல்தான். நாடு ஒன்றான பின்னரும் தெரு ஒன்றாகக் காலம் பிடிக்கின்றது!

மத்திய அரசாங்கத்தின் கை வலுத்துவிட்டதால் மாநிலங்களின் வினா தீர்ந்துவிடவில்லை. திரட்டிய வரியில் எமக்குரிய பங்கு எவ்வளவு என்று அவை இன்றும் கேட்கின்றன. அக்கேள்வியைப் பிரிவினைக் குரலெனக் கொள்வது பிழை. அதற்கு விடை காணவே, ஐந்தாண்டுக்கு ஒருமுறையோ அதற்கு முன்னரோ நிதிக்குழு அமைக்கப்பட வேண்டுமென அரசியலமைப்பின் 280ஆம் பிரிவு விதித்துள்ளது.

பிறந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. நாட்டில் எங்கும் சென்று குடியிருக்கவும் தொழில் புரியவும் நமக்குள்ள உரிமையை அவ்வரசியலமைப்பே காக்கின்றது. நம் மக்கள் படிக்கும் பள்ளியையும் நாம் நடக்கும் சாலையையும் பேணுவதோ நாம் குடிபுகுந்த மாநிலம். ஆகவே மத்திய அரசாங்கத்தின் வலிமையும் வேண்டும். மாநிலத்திற்கு நேர்மையான பங்கும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கேட்கும் தகுதி, இரு மாநிலங்களை வீடெனக் கொண்ட நமக்கு உண்டு.