குறைமாதக் குழந்தையும் துணிக்கட்டும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



ஈன்ற கன்றைக் குளிர் தாக்காமல் சாக்கு போர்த்திக் காக்கிறோம். மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தையிடம் அதைவிட அதிகக் கவனம் வேண்டுமன்றோ? அது பற்றியே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. அதன் தோலுக்கடியில் கொழுப்புக் குறைவு; ஆகவே உடல் விரைவில் குளிர்ந்துவிடும். கழுத்திலும் வலுவில்லை. தலை முன்சரிந்து மோவாய் மார்பில் படிந்தால் மூச்சு தடைப்படும். அப்போது அழுது உணர்த்தவும் அதனால் இயலாமற் போகலாம்.

இத்தகைய சிசுவுக்குத் தாயின் மார்புச் சூடே சிறந்த துணை. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-ஆம் ஆண்டில் எட்கர் ரே என்ற மருத்துவர் இம்முறையைத் தொடங்கினார். இதனைக் கங்காரு முறை என்பர். இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியபோது, உடல்நிலை சீரானபின் தொடங்கியதைவிடச் சிசு மரணம் 25 சதவீதம் குறைந்தது. நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம்வரை இவ்வாறு அணைத்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஆனால் காக்கும் துணியே தவறாகக் கட்டினால் ஆபத்தாகிவிடும். பைபோல் தொங்கும் துணித் தூக்கிகளில் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததை அறிந்து, 2010-இல் அமெரிக்க அரசு மக்களை எச்சரித்தது. நம் வீட்டுத் தூளியிலும் உடல் வில்போல் வளைகிறது. ஆகவே குறைமாதக் குழந்தைக்குத் தூளி வேண்டாம். மார்பில் இல்லாத நேரத்தில் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துவதே நன்று.

கட்டும் முறையை மருத்துவமனைச் செவிலியரிடம் கற்ற பின்னரே வீடு திரும்புதல் வேண்டும். தொப்பியும் காலுறையும் அரைத்துணியும் மட்டும் அணிவித்து, குழந்தையை நிமிர்ந்த நிலையில் தாயின் வெறும் மார்போடு சேர்க்க வேண்டும். தலை ஒருபக்கம் திரும்பி, சற்றே நிமிர்ந்திருக்கட்டும். கைகால்கள் தவளைபோல் மடங்கியிருக்கட்டும். துணியின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே நிற்க வேண்டும், முகத்தை மூடலாகாது. வயிற்றை இறுக்கலாகாது. முகம் எப்போதும் தாயின் கண்ணில் பட வேண்டும்.

துணியில் குழந்தை இருக்கையில் அடுப்படி வேலை, குனிந்து செய்யும் வயல்வேலை, இருசக்கர வண்டிப் பயணம் ஆகியவை கூடவே கூடாது. தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையோ பாட்டியோ இவ்வாறே அணைத்துக் கொள்ளலாம். இதில் ஆடவர்க்கு இழிவொன்றும் இல்லை.

உதடு நீலமாதல், மூச்சு விட்டுவிட்டு வருதல், பால் குடியாமை, உடல் சில்லிடுதல் இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் 108-ஐ அழைத்திடுக.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. உங்கள் வார்டில் குறைமாதக் குழந்தை பிறந்தால் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவியுங்கள். களையெடுப்புக் காலமென்று அத்தாயை வயலுக்கு அழைக்காதிருக்க அவ்வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு பருவக் கூலியைப் பின்னால் ஈட்டிக் கொள்ளலாம். போன உயிரை மீட்க இயலாது.