நூலகத்தில் விளையாட்டு: பயனை எப்படி அளப்பது?



"லைப்ரரி படிக்கிற இடம், அங்கே என்னப்பா விளையாட்டு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் 1854-ல் தொடங்கிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் நூலகத்தில் சதுரங்க மன்றம் இன்றும் நடக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 2008-ல் நூலகங்களுக்கென்றே ஒரு விளையாட்டு தினத்தைத் தொடங்கியது. பக்கத்து மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், குழந்தைகளுக்குப் புத்தகத்தோடு விளையாடவும் இடம் உண்டு.

சரி, பயன் உண்டா? மோட்டாரை மாற்றினால் முன்னால ஒரு ரீடிங், பின்னால ஒரு ரீடிங் எடுப்போம். இங்கேயும் அதுதான். வந்த தலைகளை மட்டும் எண்ணினால் அது திருவிழாக் கணக்கு. எத்தனை பிள்ளைகள் உறுப்பினரானார்கள், விளையாட்டு இல்லாத நாளிலும் வந்தார்களா, புத்தகம் எடுத்தார்களா, பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். முழு ஆண்டு லீவில் எப்படியும் கூட்டம் வரும். ஆகவே விளையாட்டு இல்லாத ஒரு கிளை நூலகத்தின் கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

எண்ண முடியாததும் ஒன்று உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகள் ஒரே பலகைக்கு எதிரெதிரே உட்காருவது. நூலகரிடம் கேட்டு அதையும் எழுதி வைப்போம்.

திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குச் சதுரங்கப் பலகையும் பல்லாங்குழியும் நம் சங்கம் வாங்கித் தரட்டும். கூடவே ஒரு கணக்கு நோட்டு. ஒரு வருஷம் அதை எழுத இரண்டு மாணவர்கள். பயனில்லை என்று நோட்டு சொன்னால், அதையும் அடுத்த மலரில் அப்படியே அச்சிடுவோம்.