செத்த மீனும் வராத மீனும்



மீன் வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் வாங்குவார். வெளுத்துப் போயிருந்தால் கூடையிலேயே போட்டுவிடுவார். அந்தச் செவுள்தான் மீனுக்கு மூச்சு விடும் உறுப்பு. தண்ணீரில் ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயு கரைந்திருக்கிறது. அதை மீன் செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. அந்த வாயு குறைந்தால், மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும்.

2024-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி இரவு. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம். பெரியாற்றில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்தபோது செத்து மிதந்தன. ஏலூர், வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர் என்று ஊர் ஊராக, கொச்சிக் காயல் வரை மீன் செத்தது. கரிமீன் செத்தது. கொடுவா செத்தது. கூண்டில் வளர்த்த மீனும் செத்தது, ஆற்றில் தானாகத் திரிந்த மீனும் செத்தது.

பெரியாறு உங்களுக்குத் தெரிந்த ஆறுதான். முல்லைப் பெரியாறு அணை இதே ஆற்றின் மேல்பகுதியில்தான் இருக்கிறது. மலையில் பிறந்து மேற்கே ஓடி, கொச்சிக்குப் பக்கத்தில் காயலிலும் கடலிலும் கலக்கிறது. அப்படிக் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஏலூர் என்ற தீவு இருக்கிறது. 1947-இல் அங்கே ஓர் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு பூச்சிமருந்து, இரசாயனம், தோல், எலும்புத்தூள் என்று அங்கும் எதிர்க்கரையில் உள்ள எடையாற்றிலும் தொழிற்சாலைகள் பெருகின. எல்லாவற்றுக்கும் தண்ணீர் தருவது பெரியாறு. கழிவுநீர் போய்ச் சேருவதும் பெரியாறுதான்.

ஏலூருக்குப் பக்கத்தில் பாதாளம் என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே மதகுகள் இருக்கின்றன. கோடையில் கடலின் உப்புநீர் மேலே ஏறிவிடாமல் இருக்க அவற்றை மூடி வைப்பார்கள். குடிநீர் கெட்டுப் போகாமல் இருக்க அது வேண்டும். ஆனால் மூடினால் மதகுக்கு மேலே தண்ணீர் ஓடாமல் நிற்கும். அதில் சேரும் கழிவு அடியில் போய்ப் படியும். மழை வந்ததும் மதகைத் திறப்பார்கள். படிந்ததெல்லாம் கலங்கி ஒரே நேரத்தில் கீழே இறங்கும். அந்த மே மாதமும் மதகு திறந்த பிறகுதான் மீன் செத்தது.

செத்தது எதனால்? இங்கேதான் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியாவும் சல்பைடும் மீனைக் கொல்லும் அளவுக்கு இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகம். கோபம் கொண்ட மக்கள் செத்த மீனை அள்ளிக்கொண்டு போய் ஏலூரில் உள்ள வாரிய அலுவலகத்தின் முன்னால் கொட்டினார்கள்.

இரண்டு காரணமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஆக்ஸிஜன் சும்மா குறைந்து போகாது. தண்ணீரில் அழுகும் கழிவு விழுந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும். பெருகும்போது ஆக்ஸிஜனையும் தீர்த்துவிடும். ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் சல்பைடு வாயு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருந்தால்தான் அது மீன் வாழத் தகுந்த தண்ணீர். இது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு. ஒரு கிராமை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மில்லிகிராம். அவ்வளவு சின்ன அளவில் மீனின் உயிர் நிற்கிறது. அதிலும் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறைவாக இருக்கும். பகலில் வெயிலில் ஆக்ஸிஜன் தரும் பாசி, இரவில் தானும் அதை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பல ஊர்களில் மீன் இரவிலேயே செத்து, காலையில் கண்ணில் படுகிறது.

சரி, செத்த மீனை எல்லாரும் பார்த்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. கூண்டு வைத்தவர் எத்தனை குஞ்சு விட்டோம், எவ்வளவு தீவனம் போட்டோம் என்று நஷ்டக் கணக்குச் சொல்ல முடிந்தது. கணக்கில் வராத நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் பெரியது.

வெள்ளை இறாலைப் பாருங்கள். தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டையிடும். பொரித்த குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அது கடலிலேயே வளராது. அலையோடும் ஏற்றத்தோடும் மிதந்து காயலுக்குள் வரும். காயலில் ஆழம் குறைவு, இரை அதிகம். கண்டல் மரத்து வேர்களில் ஒளிந்துகொள்ள இடமும் உண்டு. சில மாதம் அங்கே வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடும். மடவை போன்ற மீன்களின் குஞ்சுகளும் இப்படித்தான் கழிமுகத்தைத் தேடி வருகின்றன. காயல் என்பது கடல் மீனுக்குத் தொட்டில்.

கடமக்குடிப் பக்கத்து விவசாயிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அங்கே பொக்காளி என்ற நெல்லை உப்பு நிலத்தில் விளைவிப்பார்கள். அறுவடை முடிந்ததும் அதே வயலில் இறால். ஏற்றம் வரும் இரவில் வயல் மதகைத் திறந்து, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிடுவார்கள். வெளிச்சத்தைப் பார்த்து இறால் குஞ்சு உள்ளே வரும். விலை கொடுத்து வாங்காத குஞ்சு! கடல் தருவது. ஆனால் வருகிற வழியில் நச்சுத் தண்ணீர் நின்றால் குஞ்சு எப்படி வரும்? பெரிய மீனாவது கொஞ்சம் தாங்கும், வேறு பக்கம் நீந்திப் போகும். குஞ்சுக்கு அந்த வலு கிடையாது. அது செத்தாலும் மிதக்காது, நாறாது. யாரும் படம் எடுக்க மாட்டார்கள். பிறகு கடலில் வலை வீசுகிறவர், இந்த வருஷம் இறால் குறைவு என்பார். கடல் காயும்போதும் மழை தவறும்போதும் கூட இறால் குறையும். அதிகம் பிடித்தாலும் குறையும். அந்தக் கூட்டத்தில் ஆற்றுக் கழிவின் பங்கு சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

சாகாமல் பிழைக்கும் மீனிலும் நஞ்சு தங்கும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, அந்த நஞ்சு ஏறிக்கொண்டே போனது. மீனைத் தின்ற மக்களுக்குக் கை கால் இழுத்தது, பேச்சுக் குழறியது. 1956-இல்தான் அது ஒரு தனி நோய் என்று தெரிந்தது. இதைக் கேட்டு மீனையே விட்டுவிட வேண்டாம். மீன் நல்ல உணவு. ஒரு ஆற்றில் மீன் செத்தது என்று செய்தி வந்தால், எங்கோ ஆழ்கடலில் பிடித்த நல்ல மீனும் விற்காமல் போகிறது. கூடை தூக்கும் பெண்ணுக்குத்தான் அந்த அடி முதலில் விழுகிறது.

தண்ணீர் மாசைத் தடுக்கும் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. 2010-இல் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் சட்டம் வந்தது. எங்கே போனாலும் கேட்பது ஒன்றே: சான்று என்ன? செத்த மீன் சான்று. ஆனால் அது இரண்டு நாளில் அழுகிவிடும். கழிவும் ஓடிப் போய்விடும். அதனால் மீன் வாய் பிளக்கும் அதே நேரத்தில் வாரியத்துக்குச் சொல்லி, அதிகாரியைத் தண்ணீர் எடுக்கச் செய்ய வேண்டும். வழக்கில் முறைப்படி எடுத்த தண்ணீருக்குத்தான் மதிப்பு.

வராத மீனுக்கோ சான்றே கிடையாது, யாராவது எழுதி வைத்தால் ஒழிய. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடலுக்கோ காயலுக்கோ போகும் வீட்டில் தினமும் ஒரு வரி எழுதலாம். தேதி. வலை வீசிய இடம். எந்த மீன், எத்தனை கிலோ. தண்ணீரின் நிறம், நாற்றம். அன்றைக்கு மதகு திறந்திருந்ததா, மூடியிருந்ததா. மீன் கிடைக்காத நாளிலும் தேதியை எழுதி, பக்கத்தில் 'இல்லை' என்று போட வேண்டும்.