லோகோ போட்ட பென்டிரைவ் வாங்கப் போறீங்களா?

இந்த வாரக் கேள்வி ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்தும் நேயரிடமிருந்து. நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஸ்டால் போடுகிறார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க, கம்பெனி லோகோ போட்ட 32 ஜிபி பென்டிரைவ் 200 வேண்டுமாம். "எவ்வளவு கம்மியா கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

அவருக்கு வசதிதான். அண்ணா சாலையைத் தாண்டினால் ரிச்சி ஸ்ட்ரீட். நீங்க என்ன விலை சொன்னாலும் அந்த விலைக்கு ஒரு பென்டிரைவ் இருக்கும். சிக்கலே அங்கதான்.

பென்டிரைவுக்குள்ளே ரெண்டு முக்கியமான பொருள் இருக்கு. டேட்டாவைச் சேமிக்கும் ஃபிளாஷ் மெமரி ஒன்று, அதை மேய்க்கும் கன்ட்ரோலர் சிப் இன்னொன்று. "நான் எத்தனை ஜிபி" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது கன்ட்ரோலர். அதில் இருக்கும் ஃபர்ம்வேரை மாற்றிவிட்டால், 4 ஜிபி மெமரி இருந்தாலும் 32 ஜிபி என்று கூசாமல் சொல்லும். நீங்க 10 ஜிபி காப்பி பண்ணுவீங்க, எந்த எரரும் வராது. ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும், ஏன்னா அந்தப் பட்டியல் டிரைவின் ஆரம்பத்திலேயே இருக்கு. திறந்து பார்த்தால்தான் உள்ளே குப்பை. உங்க லோகோவோடு அதை வாங்கிட்டுப் போனவர் குழந்தையோட பிறந்தநாள் வீடியோவை அதில் போட்டு வைத்திருப்பார். அவர் திட்டப்போவது கடைக்காரரை இல்லீங்க.

நடுவில் ஒன்று: நல்ல 32 ஜிபி டிரைவும் விண்டோஸில் 29.8 என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை, கணக்கு வித்தியாசம். அதற்காகக் கடையில் சண்டை போடாதீங்க.

அப்போ டெஸ்ட் பண்ணணும். ஆனா டெஸ்ட் பண்றதிலேயே ஒரு வினை இருக்கு. 2017 டிசம்பரில் தைவான் அதிபர் அலுவலகம் ஒரு தகவல் பாதுகாப்பு நிகழ்ச்சி நடத்தியது. அங்கே அந்நாட்டுக் குற்றப் புலனாய்வுப் போலீஸ், சைபர் பாதுகாப்பு வினாடி வினாவில் ஜெயித்தவர்களுக்கு 250 பென்டிரைவ் பரிசாக வைத்திருந்தார்கள். அதில் 54-ல் மால்வேர்! உளவு வேலை எதுவும் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். சப்ளை பண்ணிய நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கொள்ளளவைச் சரிபார்க்கச் செருகிய கம்ப்யூட்டரில் ஏற்கனவே வைரஸ் இருந்திருக்கிறது. அதாவது நான் உங்களைச் செய்யச் சொல்லும் அதே டெஸ்ட்தான். ஐபிஎம் மாதிரி கம்பெனிக்கே இந்த மாதிரி மானம் போயிருக்கு. 2010-ல் ஆஸ்திரேலியாவில், அதுவும் ஒரு பாதுகாப்பு மாநாட்டில், கொடுத்த பென்டிரைவில் மால்வேர் இருந்து, வந்தவர்களுக்கு மெயில் அனுப்பி மன்னிப்புக் கேட்டார்கள்.

அதனால ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் கம்ப்யூட்டரில் செருகாதீங்க. ஒரு பழைய லேப்டாப்பை லினக்ஸ் லைவ் டிஸ்கில் பூட் பண்ணுங்க, வைஃபையை அணைச்சிடுங்க. எஃப்3 என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கு. டிரைவ் முழுக்க எழுதும், பிறகு எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். முடிந்ததும் ஃபார்மட் பண்ணிடுங்க. மலிவு டிரைவ் நொடிக்கு 8 எம்பி எழுதும் என்று வைத்தால், 32 ஜிபி நிரம்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 200-ஐயும் சோதிக்க முடியாது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சாம்பிளை நம்பாமல், வெவ்வேறு பெட்டியிலிருந்து பத்துப் பதினைந்தை நீங்களே உருவி எடுங்க. முக்கியமா, இதெல்லாம் லோகோ அச்சடிக்கும் முன்னாடி. அச்சு விழுந்த சரக்கை யாரும் திரும்ப எடுக்க மாட்டாங்க. "கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தரணும்" என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கிடுங்க. வாய்ப்பேச்சு வேண்டாம்.

விலை கணக்குப் போடும்போது வரியை மறக்காதீங்க. சரக்கு 50,000 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி 9,000. வழக்கமான கொள்முதலில் இதை உள்ளீட்டு வரியாகக் கழிச்சுக்கலாம். இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்கு, ஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவின்படி அந்தச் சலுகை கிடையாது. அந்த 9,000 உங்க செலவுதான். ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்க.

இன்னொரு விஷயம், யாருக்குக் கொடுக்கிறீங்க? ஓஎம்ஆர் ஐடி கம்பெனி ஆட்கள் என்றால், பல ஆபீஸில் யூஎஸ்பி போர்ட்டையே பூட்டி வைத்திருக்கிறார்கள். மேஜை டிராயரில்தான் கிடக்கும். ஜெராக்ஸ் கடை, கல்யாண போட்டோகிராஃபர், டியூஷன் வாத்தியார், இவங்களுக்குத்தான் இன்னும் தினமும் பென்டிரைவ் வேணும். நேயரே, உங்க ஸ்டாலுக்கு வருவது அவங்கதான் என்றால், 200 மலிவு டிரைவுக்குப் பதில் பேர் தெரிந்த பிராண்டில், ஒழுங்கான பில்லோடு 80 வாங்குங்க. மிச்சப் பேருக்கு ஒரு நல்ல பேனா போதும்.