சிரையில் உறைந்த குருதி

நெடுநாள் படுக்கையில் கிடந்தோர்க்கும் அறுவைச் சிகிச்சை பெற்றோர்க்கும் ஒரு கால் மட்டும் வீங்கி நோவதுண்டு. வாதக் கோளாறென்று கருதி எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறோம். அது தகாது. ஆழ்ந்த சிரையில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே கேடு நேரலாம்.

முன்னாளில் பாதத்துச் சிரையில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தே இதனை அறிந்தனர். இன்றோ, நம் ஐதராபாத் பஞ்சாகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகம் போன்ற இடங்களில் அல்ட்ராசவுண்ட் அதனைக் காட்டிவிடுகிறது. அதனைக் 'கேளா ஒலி' எனப் பெயர்த்து வழங்குகிறோம். எம்போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு வாய்த்த நல்ல சொற்களுள் அதுவும் ஒன்று. சோதனையின் நுட்பம் எளியது. தொடையிலும் முழங்காலின் பின்புறத்திலும் களிம்பு தடவிக் கருவியை வைத்து மெல்ல அழுத்துவர். நலமுள்ள சிரை நசுங்கித் திரையில் மறையும். குருதி உறைந்த சிரை நசுங்காது நிற்கும். அருகிலுள்ள தமனியோ துடித்துக்கொண்டேயிருக்கும். குருதியோட்டத்தையும் காணலாம்; 1842இல் டாப்ளர் என்பார் உரைத்த தத்துவம் அதற்குத் துணை.

கெண்டைக்காலின் சிறு சிரைகளில் உள்ள கட்டி கண்ணுக்குத் தப்பலாம். ஆதலின் முதற் சோதனையில் ஒன்றும் தென்படாதபோதும், ஐயமிருப்பின், ஒரு வாரத்தில் மீண்டும் வரச் சொல்வர். வீண் செலவென்று வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. கட்டி மேலேறுகிறதா என்பதை அந்த இரண்டாம் சோதனையே தெரிவிக்கும்.