ஆற்றங்கரையில் எடுக்க வேண்டிய படங்கள்

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் பாட்டன்மாரை ஏற்றிவந்த கப்பல்களுள் ஒன்று ‘ரஜூலா’. 1926-ல் கட்டப்பட்ட அக்கப்பல் 1973-ல் விற்கப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டது. இன்று அதைப் படத்தில்தான் பார்க்க முடியும். எனவே, எஞ்சியிருக்கும் பழஞ்சின்னங்களை முறையாகப் படமெடுத்து வைப்பது எப்படி என்று இன்று பார்ப்போம். சிங்கப்பூர் ஆற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒரு காலத்தில் அந்த ஆற்றில் சரக்குத் தொங்கான்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. கழிவு சேர்ந்து நாற்றமும் வீசியது. 1977-ல் தொடங்கிய துப்புரவுப் பணி பத்தாண்டு நடந்தது. 1983-ல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. கரையோரக் கடைவீடுகள் பிறகு புதுப்பிக்கப்பட்டன.

அங்குள்ள கேவனா பாலம் 1869-ல் முடிந்தது. அதன் இரும்புப் பகுதிகள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. கடல் பெருகும் நேரத்தில் படகுகள் அடியில் நுழைய முடியாமல் நீர் வடியும்வரை காத்திருக்கும். 1910-ல் அருகே ஆண்டர்சன் பாலம் எழுந்தபின், இது நடந்து செல்வோருக்கென நிலைத்தது. மாடு, குதிரை, மூன்று ஹண்டர்வெயிட்டுக்கு மேற்பட்ட வண்டி ஆகியவை போகக்கூடாது என்னும் பழைய பலகையும் அங்கே உண்டு. பாலத்தைத் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தால், அருகே சென்று பலகையையும் எடுக்க வேண்டும். பாலத்தின் கதையை அதுதான் சொல்லும்.

சற்றுத் தொலைவில் 1862-ல் அர்ச்சிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயம் இருக்கிறது. அதைக் கட்டி எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுவர்களுக்கு அவர்கள் பூசியது ‘சென்னைச் சுண்ணம்’. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கொண்டு செய்த பூச்சு அது. காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கோபுரத்தை மட்டும் எடுத்துத் திரும்பினால், அந்தக் கைகளின் உழைப்பு படத்தில் வராமலே போய்விடும்.

இனிச் சில முறைகள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது எடுத்தால் பூச்சும் செதுக்கலும் தெளிவாக விழும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். கேமராவை, அல்லது கைப்பேசியை, அண்ணாந்து பிடித்தால் தூண்கள் பின்னால் சாய்வதுபோல் தோன்றும். சில அடி பின்வாங்கி நேராகப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினால் கட்டடத்தின் அளவு விளங்கும். படகை எடுப்பதானால் காற்றில்லாத வேளையே நல்லது. நீரில் அதன் நிழலும் சேர்ந்து விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடம், நாள், நிற்பவர் பெயர் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். பெயரில்லாத படம் பேரன் கைக்குப் போகும்போது வெறும் காகிதம்தான்.

நேயர்களே, ஆற்றங்கரைக் கட்டடங்களைப் புதுப்பிக்க ஆட்கள் வந்தார்கள். நம் தோட்டத்து லயத்துக்கும், பால் கொட்டாய்க்கும், பெரட்டுக் களத்துக்கும் அப்படி ஒருவர் வருவாரென்று காத்திருக்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே வீட்டுப் பெரியவரை அழைத்துச் சென்று, அவர் வேலை செய்த இடத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுப்போம். அவர் சொல்வதை அப்போதே எழுதிக்கொள்வோம்.